பங்கு இணையதளத்தின் சாவி யார் கையில்?

ஒரு கத்தோலிக்கப் பங்கின் இணையதளத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தால் நான் முதலில் திறப்பது பயனர் பட்டியலைத்தான். சென்ற ஆண்டு பார்த்த ஒரு பட்டியலில் 11 பேர். அத்தனை பேரும் அட்மின், அதாவது தளத்தில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ளவர்கள். மாற்றலாகிப் போன இரண்டு பங்குத்தந்தையர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட தம்பி ஒருவர், எப்போதோ டிசைன் செய்து கொடுத்த கடைக்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இவர்களில் ஒருவரின் பாஸ்வேர்டு வெளியே போனாலும், நன்கொடைப் பக்கத்தில் உள்ள கியூஆர் படத்தை எவனோ ஒருவன் மாற்றிவிட முடியும். திருவிழாக் காணிக்கை வேறு கணக்குக்குப் போகும். அனுப்பியவருக்கும் தெரியாது, பங்கு அலுவலகத்துக்கும் உடனே தெரியாது.

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அட்மினுக்குக் கீழே எடிட்டர், ஆத்தர், காண்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்று நிலைகள் உண்டு. திருப்பலி நேரத்தை மாற்றுபவருக்கு எடிட்டர் போதும். அவரால் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போடவோ ஆள் சேர்க்கவோ முடியாது. ஆனால் நன்கொடைப் பக்கத்தையும் அவர் திருத்தலாம் என்பதால், எடிட்டர்களையும் எண்ணித்தான் வைக்க வேண்டும். அன்பியச் (பங்கிலுள்ள குடும்பங்களின் சிறு குழு) செய்தி எழுதுபவர் காண்ட்ரிபியூட்டராக இருக்கட்டும். அவர் எழுதி வைப்பார், வேறொருவர் பார்த்து வெளியிடுவார். படமும் அவரே ஏற்ற வேண்டுமென்றால் ஆத்தர்.

சரி, பழையவர்களை எடுத்துவிடலாம் என்று அவசரமாக 'நீக்கு' பொத்தானை அழுத்தாதீர்கள். அவர் போட்டதையெல்லாம் அழிக்கவா, இன்னொருவர் பெயருக்கு மாற்றவா என்று அது கேட்கும். ஒரு பங்கில் புதிதாகப் பொறுப்பேற்ற பையன் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டான். பதிவுகளைக் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டோம். பொதுவாக 30 நாள் அங்கே கிடக்கும். படங்கள் அப்படியில்லை, அப்போதே போய்விட்டன. பல வருடத் தேர்பவனிப் படங்கள். பேக்கப்பும் இல்லை. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதனால் நான் முதலில் பழையவரை, எதையும் திருத்த முடியாத சப்ஸ்கிரைபராக இறக்கிவிடுவேன். நீக்குவது அப்புறம், பேக்கப் எடுத்த பிறகு.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தனி ஆளின் மெயிலில் இருந்தால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்கே போகும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் தளம் திறக்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 11 பேர் பட்டியல் இப்போது 2 அட்மினில் நிற்கிறது: பங்கு அலுவலகக் கணக்கு ஒன்று, தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு ஒன்று. இரண்டுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) உண்டு. பங்குத்தந்தை மாறும்போது திருமுழுக்குப் பதிவேட்டோடு சேர்த்து இந்தக் கணக்கையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறார்கள். புதியவர் வந்த அன்றே பாஸ்வேர்டு மாறுகிறது.