நெல்லையில் வீடு கட்ட அரசு தரும் 2.5 லட்சம்: மனையை முதலில் பாருங்கள்

திருநெல்வேலி மாநகராட்சிக்குள் சொந்தமாகச் சின்ன மனை இருக்கிறது, ஆனால் குடியிருப்பது குடிசையிலோ வாடகை வீட்டிலோ என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கானது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்தாண்டில் நாடு முழுக்க 1 கோடி குடும்பங்களுக்கு உதவுவது இதன் நோக்கம்.

திட்டத்தில் நான்கு பிரிவுகள். நம் ஊருக்கு அதிகம் பொருந்துவது, சொந்த மனையில் நாமே கட்டிக்கொள்ளும் பிரிவுதான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இவர்களில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு, அதாவது உறுதியாகக் கட்டிய நிரந்தர வீடு, இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது. வீடு குடும்பத் தலைவி பேரிலோ, கணவன் மனைவி இருவர் பேரிலுமோ அமையும். உள்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர். உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம், மாநில அரசின் பங்கு குறைந்தது 1 லட்சம்.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நடக்க நடக்க, இடத்தின் அடையாளத்தோடு போட்டோ எடுத்துப் பதிந்த பிறகு, கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் ஏறும். ஆகவே தொடக்க வேலைக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இன்றைய கம்பி, சிமெண்டு விலைக்கும் கொத்தனார் கூலிக்கும் 2.5 லட்சத்தில் ஒரு வீடு முடியாது. இதை உதவியாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? பெரும்பாலும் பட்டாவில். தாத்தா பேரிலேயே பட்டா கிடக்கும், அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து உங்கள் பேருக்குப் பட்டா மாற்றிய பிறகு மனுப் போடுவதே நல்லது. டவுன் சர்வே நடந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் எல்லாம் ஊரை ஒட்டியும் ஊடுருவியும் ஓடுகின்றன. நயினார்குளம், வேய்ந்தான்குளம் என்று குளங்களும் வீடுகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. விலை மலிவு என்று கால்வாய்க் கரையில் இடம் வாங்கியவர்கள் நம்மில் நிறைய. நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது கால்வாய், குளத்துக்கான அரசு நிலம் என்று பதிவேட்டில் இருந்தால், வீட்டுவரி ரசீதும் கரண்டு பில்லும் எத்தனை வருடத்துக்கு இருந்தாலும் அது உங்கள் மனை ஆகாது. சொந்த மனையில் கட்டும் பிரிவில் பணமும் கிடைக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணை வைத்து நில வகையைப் பார்த்துவிடுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, நில வகையைக் காட்டும் அ-பதிவேடு இரண்டையும் பார்க்கலாம்.

பட்டா சுத்தமாக இருந்தாலும் இடம் பள்ளமாக இருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அதற்கு மேலே அடித்தளத்தை உயர்த்துங்கள். அதற்கான செலவை மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

புறம்போக்கில் குடியிருந்து வேறு மனை இல்லாதவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புதான் வழி. அதில் பயனாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும்.

கடன் வாங்கி வீடு வாங்குவோருக்கு வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.8 லட்சம், ஐந்து தவணையில். வாடகைக் குடியிருப்புக்கும் ஒரு பிரிவு இருக்கிறது.

அப்புறம், கட்டட அனுமதி. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில், விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி தரும் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்ட இணையத்திலேயே உடனே அனுமதி பெறலாம். மனைப்பிரிவுக்கு (லேஅவுட்டுக்கு) அங்கீகாரம் இல்லை என்றால் முதலில் வரன்முறைப்படுத்த வேண்டும். அந்த வாய்ப்பு 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கே. மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அதை வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

மனுவை இணையத்தில் நீங்களே போடலாம், மாநகராட்சி அலுவலகத்திலும் கேட்கலாம். குடும்பத்தார் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று, பட்டா, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்டில் பேர் சேர்த்துத் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.