பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் மாடும் பன்றியும்

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு உடம்பே சில நிமிடங்களில் சொல்லிவிடும். பாலூட்டி இறைச்சி ஒவ்வாமையில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் அரிப்பு, தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு மூச்சுத்திணறல் என்று கிளம்பும். அதற்குள் வேறு நாலு தீனி உள்ளே போயிருக்கும். எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட்டின் பின்பக்கத்தை முன்கூட்டியே படிப்பதுதான் வழி.

இதற்கெல்லாம் மூலம் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை. மாடு, ஆடு, பன்றி, மான் என ஏறக்குறைய எல்லாப் பாலூட்டிகளின் உடலிலும் இது உண்டு. மனிதர்களும் வாலில்லாக் குரங்குகளும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மட்டும் பரிணாமத்தில் இதைத் தயாரிக்கும் திறனை இழந்துவிட்டன. சிலவகை உண்ணிகள் கடிக்கும்போது இந்தச் சர்க்கரை தோல் வழியே நுழைந்து, உடலை அதற்கு எதிராகத் தூண்டிவிடுகிறது.

தாமதம் ஏன் என்பதற்கு நல்ல துப்பு கொடுத்தது செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து. எலியின் செல்களில் தயாராகும் அதில் ஆல்ஃபா-கால் இருப்பதால்தான் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருகிறது என்று 2008இல் தெரியவந்தது. நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே விளைவு தெரிந்தது. ஆக, இந்தச் சர்க்கரை இரத்தத்துக்கு வந்துவிட்டால் உடல் காத்திருப்பதில்லை. நேரம் பிடிப்பது செரிமானத்தில். கொழுப்போடு ஒட்டிய ஆல்ஃபா-கால் நிணநீர் வழியாக மெல்லச் சுற்றி இரத்தத்தை அடைகிறது என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கொழுப்பு மிகுந்த இறைச்சி அதிகம் படுத்துவதும் இதோடு பொருந்துகிறது.

இனி லேபிள். அமெரிக்கச் சட்டம் 9 ஒவ்வாமைப் பொருட்களையும், ஐரோப்பியச் சட்டம் 14ஐயும் தனித்துக் காட்டச் சொல்கின்றன. இரண்டு பட்டியலிலும் மாடு, பன்றி இறைச்சி இல்லை. எனவே ஒவ்வாமை எச்சரிக்கைக் கட்டம் காலியாக இருப்பதை நம்பவே கூடாது. மூலப்பொருள் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

முதலில் தேட வேண்டியது ஜெலட்டின். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், சில தயிர் வகைகளில் இருக்கும். பெரும்பாலும் பன்றித்தோல், மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது. ஹலால் முத்திரை பன்றியை விலக்குமே தவிர மாட்டை விலக்காது. மீன் ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் கவலையில்லை. பிஸ்கட்டிலும் பொரித்த தீனியிலும் பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். அவை பெயரோடே வருவதால் பிடிப்பது எளிது. வெறும் பெயரைப் பார்த்தால் பிடிபடாதவைதான் தொல்லை. ‘இயற்கைச் சுவையூட்டி’ என்பது இறைச்சியிலிருந்தும் வரலாம். 471 என்ற எண்ணுள்ள பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைப்பது), கிளிசரின், மெக்னீசியம் ஸ்டீரேட் மூன்றையும் தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், விலங்கிலிருந்தும் எடுக்கலாம். தயாரிப்பாளரைக் கேட்காமல் தெரியாது.

பாலிலும் ஆல்ஃபா-கால் உண்டு. ஆனால் பலருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது. அதை ஒவ்வொருவரும் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

விலங்குப் பொருள் எதுவும் சேராதது என்று சொல்லும் ‘வீகன்’ முத்திரை நல்ல துணை, ஆனால் முழுக் காப்பு அல்ல. கடற்பாசியிலிருந்து வரும் கேரஜீனன் என்ற கெட்டிப்படுத்தியின் அமைப்பிலும் ஆல்ஃபா-காலில் இருப்பதுபோன்ற காலக்டோஸ் என்ற சர்க்கரையின் பிணைப்பு உண்டு; சில நோயாளிகளுக்கு அது ஆவதில்லை. வேடிக்கை என்னவென்றால், வீகன்கள் ஒதுக்கும் கார்மைன் என்ற சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து வருவது, பாலூட்டியிலிருந்து அல்ல.