தாழ்ப்பாள் இல்லாத துப்பாக்கி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அவர் ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா போடுகிறார். அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் விசையை மட்டும் மறுபடி மறுபடி இழுக்கிறார்களே, அடுத்த தோட்டா எப்படி உள்ளே போகிறது?”

தோட்டா இருவருக்கும் ஒன்றுதான், 1887 முதல் இருக்கும் ‘.22 லாங் ரைஃபிள்’ என்ற தோட்டா வகை. அமெரிக்கப் பொழுதுபோக்குச் சுடுதளங்களில் சாதாரணமாகக் காணும் செமி ஆட்டோமேட்டிக்குகள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள்) இரண்டு: 1960இல் வந்த மார்லின் மாடல் 60, 1964இல் வந்த ரூகர் 10/22. மார்லினில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாக நிற்கும். ரூகரில் பத்துத் தோட்டா கொள்ளும் சிறு பெட்டியைக் கழற்றி மாட்டலாம். மற்றபடி இரண்டும் இயங்கும் விதம் ஒன்றே.

அந்த விதம்தான் அழகு. தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டுக்குப் பூட்டே கிடையாது. அதன் எடையும் ஒரு சுருள்வில்லும்தான் காவல். மருந்து வெடித்ததும் வாயு தோட்டாவின் முனையில் உள்ள குண்டை முன்னால் தள்ளுகிறது, போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படியானால் போல்ட் உடனே திறந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டின் எடை 2.6 கிராம். போல்ட் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது குண்டைப் போல 77 மடங்கு கனம். குண்டு நகரும் தூரத்தில் 77இல் ஒரு பங்குதான் போல்ட் நகரும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது குண்டு ஓரிரு சென்டிமீட்டர்தான் போயிருக்கும்; போல்ட்டோ கால் மில்லிமீட்டர்கூட அசைந்திருக்காது. 47 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடந்து முடிக்கும்போது போல்ட் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். அதற்குள் அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். பிறகு பெற்ற வேகத்திலேயே போல்ட் பின்னோக்கி ஓடி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, வில்லை அமுக்கி, திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பூட்டின் வேலையை நிலைமமே செய்துவிடுகிறது!

நம் பாடநூல்கள் “துப்பாக்கி பின்னால் உதைக்கும்” என்ற ஒரே வரியோடு மூன்றாம் விதியை முடித்துவிடுகின்றன. கல்லூரி ஆய்வகங்களுக்கு ஆளுக்கொரு அதிவேகக் கேமரா வாங்க நிதி கொடுத்தால் போதும். சமமற்ற இரு எடைகளுக்கு நடுவே ஒரு வில்லை விடுவித்துப் படம் பிடித்த மாணவன் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சரி, இதைவிட வலுவான தோட்டாவைச் சுடும் ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில்? அதன் .223 குண்டின் உந்தம் மூன்று மடங்குக்கும் மேல், தோட்டா அமரும் அறையின் அழுத்தம் இரு மடங்குக்கும் மேல். எடையை மட்டும் நம்பினால் போல்ட் தூக்க முடியாத கனமாகிவிடும். அதனால் அங்கே போல்ட் சுழன்று பூட்டிக்கொள்கிறது. குழலில் உள்ள சிறு துளை வழியே கொஞ்சம் வாயு திரும்பி வந்து, குண்டு வெளியேறிய பிறகு பூட்டைத் திறக்கிறது.

காகித இலக்கையும் தகர டப்பாவையும் சுடுவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையே இல்லை என்பது என் கருத்து. .22 தோட்டா விலை மலிவு, உதையும் குறைவு. ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: ஒலியைவிட மெதுவாகப் போகும் ‘சப்சானிக்’ தோட்டா சில துப்பாக்கிகளில் போல்ட்டுக்குப் போதிய வேகம் தராது, வெற்றுக் கூடு வாசலிலேயே குறுக்காகச் சிக்கிக்கொள்ளும்.