கவுண்ட்டவுன் நின்றால் பதறாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கசிவு சோதனைதான் என் வேலை. வால்வானாலும் குழாய் இணைப்பானாலும், லாரி ஏறுவதற்கு முன் எங்கள் தொட்டிக்கு வந்தாக வேண்டும். காற்றை ஏற்றி, தண்ணீரில் முக்கிவிட்டுக் காத்திருப்போம். வெல்டிங் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அது சும்மா ஒட்டிய காற்றாகவும் இருக்கலாம். விரலால் தட்டிவிட வேண்டும். மறுபடி அதே இடத்தில் முளைத்தால் கசிவு. அந்த இரண்டாவது குமிழிக்காகத்தான் நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிறேன்.

அதனால்தானோ என்னவோ, ராக்கெட் ஏவுவது தள்ளிப்போனால் எனக்கு ஏமாற்றம் வருவதில்லை. 2019 ஜூலை 15 அதிகாலை, 56 நிமிடம் 24 நொடி மீதமிருக்கையில் சந்திரயான் 2-இன் கவுண்ட்டவுன் நின்றது. விடிவதற்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "போச்சு, தோல்வி" என்று வந்துவிட்டது. ஒரே வாரத்தில், 22-ஆம் தேதி அது கிளம்பியது. நிறுத்தியது தோல்வி இல்லை. தரையில் இருக்கும்வரை எதையும் சரிசெய்யலாம்.

செவ்வாய் என்றால் நிறுத்துவதற்கு இன்னும் துணிச்சல் வேண்டும். பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான். விட்டால் அடுத்த வாய்ப்புவரை காத்திருக்க வேண்டும். அப்படியும் நிறுத்தியிருக்கிறார்கள். நாசாவின் இன்சைட் விண்கலம் 2016 மார்ச்சில் கிளம்பியிருக்க வேண்டியது. அதில் பிரான்சிலிருந்து வந்த நில அதிர்வு மானி ஒன்று. அணுவளவு அசைவைக்கூட உணர வேண்டிய கருவி என்பதால், அதன் உணரிகளை வெற்றிடக் கலத்துக்குள் வைத்திருந்தார்கள். 2015 டிசம்பரில், மைனஸ் 45 டிகிரி குளிரில் சோதித்தபோது அந்தக் கலம் கசிந்தது. முன்பு ஒருமுறை கசிந்து, சரிசெய்யப்பட்டதுதான். இரண்டாவது குமிழி! பயணத்தையே நிறுத்திவிட்டு, வெற்றிடக் கலத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். 2018 மே 5-இல் கிளம்பிய இன்சைட், செவ்வாயில் 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது.

நம்ம மங்கள்யானும் 2013 அக்டோபர் 28-இல் போயிருக்க வேண்டியது. ராக்கெட்டின் நான்காவது, கடைசிக் கட்டம் எரிவதைக் கண்காணிக்கப் பசிபிக்குக்கு அனுப்பிய இரண்டு கப்பல்களில் நாளந்தா மோசமான வானிலையில் சிக்கித் தாமதமானது. ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் காத்திருந்தார்கள். நவம்பர் 5, மதியம் 2.38-க்கு ஏவியபோது கேன்டீன் டிவி முன்னால் நல்ல கூட்டம். மூன்றாவது கட்டம் அணைந்ததும், எல்லாம் முடிந்ததென்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதற்கப்புறம் சுமார் 25 நிமிடம் ராக்கெட் எரியாமல் மிதந்துகொண்டே போகும். எனக்கு அந்த நேரம்தான் கை ஜில்லிட்டது. கடைசியில் கப்பலிலிருந்து சிக்னல் வந்தது. அது வராமல் போயிருந்தால் நான்காவது கட்டம் எரிந்ததா இல்லையா என்றே அப்போது தெரிந்திருக்காது.

மாதக் கடைசியில் "ஒரு குமிழிதானே, கையெழுத்துப் போடுங்க சார்" என்று கேட்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நானும் ஒருமுறை போட்டேன். பதினோராம் நாள் அந்த வால்வு திரும்பி வந்தது. யாருக்கும் காயமில்லை, அது அதிர்ஷ்டம். தொழில் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: நிறுத்தச் சொல்பவரை அந்த நிமிடமே "எவ்வளவு நஷ்டம் தெரியுமா" என்று கேட்காதீர்கள். கேட்டால், அடுத்த முறை குமிழியைப் பார்த்தும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

போன மாதம் சேர்ந்த பயிற்சிப் பையன் ஒருவன், பேக்கிங்குக்குப் போன இணைப்பு ஒன்றைத் திரும்ப எடுத்து வந்தான். "அண்ணா, இன்னொரு தடவை முக்கிப் பார்க்கலாமா? சரியாப் பார்த்தேனான்னு சந்தேகமா இருக்கு." வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. முக்கினோம். பத்து நிமிடம் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். குமிழி வரவில்லை. துடைத்து, மறுபடி பெட்டியில் வைத்தான். லாரி கிளம்பியது.