கணினிப் படம் டிவியில் ஏன் மங்குகிறது?

கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவியில் இணைத்தால் படம் உடனே வந்துவிடும். ஆனால் சில சமயம் எழுத்துகளின் ஓரம் மசமசவென்று இருக்கும், அடியில் உள்ள டாஸ்க்பார் பாதி காணாமல் போயிருக்கும். சினிமா ஓடும்போது இதெல்லாம் கண்ணில் படாது. எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

பழைய படக்குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாக வருடிப் படம் வரைந்தது. தட்டைத் திரையில் பிக்சல்கள் எனப்படும் எரியும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது: ஃபுல் எச்.டி. என்றால் 1920×1080, 4கே என்றால் 3840×2160. கணினி இதே எண்ணிக்கையில் படம் அனுப்பினால் படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையில் ஒரு பிக்சல். வேறு அளவில் அனுப்பினால் டிவி அதை இழுத்துப் பொருத்த வேண்டும். 1280 பத்திகளை (செங்குத்து வரிசைகளை) 1920 பத்திகளில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றரை பிக்சல். அரை பிக்சலை எரியவிட முடியாதே! பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து டிவி சமாளிக்கிறது. ஒரு புள்ளி அகலமுள்ள கறுப்புக் கோடு, சாம்பல் ஓரத்தோடு தடித்துத் தெரிவது இதனால்தான்.

சரியான அளவு எது என்பதை டிவியே கணினிக்குச் சொல்லும். அதற்காக ஈ.டி.ஐ.டி. என்ற சிறு தகவல் தொகுப்பு டிவிக்குள் இருக்கிறது. கேபிளைச் செருகியதும் கணினி அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் டிவி எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. ‘எச்.டி. ரெடி’ காலத்து டிவிகள் பலவற்றில் திரை 1366×768. ஒளிபரப்பில் அப்படி ஓர் அளவே கிடையாது. அதனால் அவற்றில் பல, தங்களை 1280×720 அல்லது 1080 வரித் திரை என்றே அறிமுகம் செய்துகொண்டன. போதாக்குறைக்கு 1366 என்பது எட்டால் வகுபடாத எண். கணினியில் படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளில் சில, எட்டால் வகுபடும் அகலத்தையே ஏற்றதால் 1360×768 வரைதான் கொடுத்தன.

சரி, 1920×1080 திரைக்கு அதே அளவில் அனுப்பியும் மங்கினால்? அங்கேதான் ஓவர்ஸ்கேன் வருகிறது. படக்குழாய்க் காலத்தில் படத்தின் விளிம்பு ஒழுங்காக இருக்காது என்பதால், படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டிவி படத்தை 5 சதவீதம் பெரிதாக்கினால், சுமார் 1829 பத்திகள்தான் 1920 பிக்சல்களில் இழுக்கப்படுகின்றன. டாஸ்க்பார் வெட்டுப்படும், எழுத்தும் குழம்பும். கணினியில் எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும் இது முழுதாகத் தீராது. கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் படத்தைச் சுருக்குவது இன்னும் மோசம்: ஒருமுறை சுருக்கி, மறுபடி இழுப்பதாகிவிடும். டிவியின் பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘டாட் பை டாட்’ என்று ஏதாவது பெயரில், படத்தைப் பெரிதாக்காமல் காட்டும் அமைப்பு இருக்கும்; அதைப் போட வேண்டும்.

அதன் பிறகும் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கினால், பிரச்சினை நிறத்தில். டிவி உள்ளே நிற விவரத்தைக் குறைத்துக் கையாள்கிறது. பல டிவிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே முழு நிறமும் வந்துவிடும். 4கே டிவியில் மவுஸ் அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தால் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பு இணைப்பில் 3840×2160 படம் நொடிக்கு 30 முறைதான் போகும்; 60 வேண்டுமென்றால் கணினி, டிவி இரண்டிலும் 2.0 அல்லது அதற்கு மேற்பட்ட எச்.டி.எம்.ஐ. இருக்க வேண்டும்.