பைக்கின் எடை எப்போது கனக்கிறது?

நான் வண்டியோடு கீழே விழுந்தது ஒரே ஒரு முறைதான். அப்போது வண்டியின் வேகம் பூஜ்யம். பெட்ரோல் நிரப்பிவிட்டுக் கிளம்பும் நேரம், இடது காலை ஊன்றிய இடத்தில் கொஞ்சம் மணல் கிடந்தது. கால் வழுக்கியது, வண்டி சாய்ந்தது. முதல் அரை நொடி பிடித்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த அரை நொடியில் பக்கத்தில் குதித்து நிற்பதே புத்திசாலித்தனம் என்று புரிந்தது. அன்று காலையில் அதே வண்டியில் முந்நூறு கிலோமீட்டர் வந்திருந்தேன். வழியில் ஒருமுறைகூட அதன் எடை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நெடும்பயணத்துக்குக் கனமான பைக்கா, எடை குறைந்ததா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் ஹோண்டா கோல்டு விங் டூர், கிட்டத்தட்ட 380 கிலோ. மறுபக்கம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 196 கிலோ. ஏறக்குறைய பாதி. ஆனால் இந்த வித்தியாசம் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில இடங்களில் இரண்டு மடங்காகத் தெரியும், சில இடங்களில் காணாமலே போகும்.

நேராக நிற்கும் வண்டியைப் பிடித்திருக்க ஒரு விரல் போதும். முழு எடையையும் டயர்கள் தாங்குகின்றன. சாயத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 380 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால், ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்த 33 கிலோவைத் தூக்கும் அளவுக்கு பலம் வேண்டும். 20 டிகிரியில் அது 65 கிலோ. ஒற்றைக் காலில், இடுப்பை முறுக்கிக்கொண்டு அதை யாராலும் செய்ய முடியாது. இலகுவான வண்டிக்கு ஈர்ப்பு மையம் சற்று உயரத்தில், 55 சென்டிமீட்டரில், இருப்பதாகக் கொண்டாலும் 10 டிகிரியில் 19 கிலோ, 20 டிகிரியில் 37 கிலோதான். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிடலாம். நான் அன்று இழந்தது இந்த 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் நடுவில்தான்.

கனமான வண்டிகளை வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1975-ல் வந்த முதல் கோல்டு விங்கிலேயே பெட்ரோல் டேங்க் வழக்கமான இடத்தில் இல்லை, இருக்கைக்கு அடியில் இருந்தது. எஞ்சினின் சிலிண்டர்களும் படுத்த நிலையில் இருந்தன. இருக்கும் எடையைக் குறைக்க முடியாவிட்டால் கீழே இறக்கு என்பதுதான் உத்தி. 1988 மாடலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே வண்டியைப் பின்னோக்கி நகர்த்தும் வசதியும் வந்தது. இரு சக்கர வண்டிக்கு ரிவர்ஸா என்று சிரிப்பவர்கள், சரிவில் முகம் கீழ்நோக்கி நிறுத்திவிட்ட கனமான பைக்கை ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எடை குறைந்த பைக் எல்லாமே கையாள எளிது என்று நம்பிவிட வேண்டாம். ஹிமாலயனின் இருக்கை 825 மில்லிமீட்டர் உயரம், கோல்டு விங்கில் 745. பாதம் முழுதாகத் தரையில் பதியாதவருக்கு 196 கிலோவும் பயமுறுத்தும்.

வண்டி நகர்ந்து, நடை வேகத்தைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. சாயும் பக்கமாக முன்சக்கரம் தானே திரும்பி, வண்டியை மறுபடி நிமிர்த்தப் பார்க்கிறது. ஓட்டுபவரின் தோள்பட்டைக்கு வேலையே இல்லை. வளைவிலும் அப்படித்தான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வண்டி ஏறக்குறைய 30 டிகிரி சாய வேண்டும். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. 380 கிலோவானாலும் 196 கிலோவானாலும் அதே 30 டிகிரிதான். சாய்வதற்கு ஆகும் நேரத்தில்தான் வேறுபாடு. கனமான உடல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டுவர நேரமும் பலமும் கேட்கும். அடுத்தடுத்து வலமும் இடமுமாக வளையும் மலைச் சாலையில் கை சோர்வது இதனால்தான். போதாததற்கு, தாழ்வான பெரிய வண்டிகள் பலவற்றில் கால் வைக்கும் பலகை சாலையை உரசத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்தச் சாய்வில்தான்.

பிரேக்கைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை. கனமான வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் எடை கூடும்போது டயர் சாலையை அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது, பிடிமானமும் கூடுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். நல்ல உலர்ந்த சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு பிரேக் பிடித்தால் இரண்டுமே சுமார் 44 மீட்டரில் நிற்கலாம். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளை முடிவெடுக்கும் ஒரு நொடியிலேயே 28 மீட்டர் போய்விடுகிறது, அது தனிக் கதை.

எடை தெரிவது வெப்பத்தில். ஓட்டுபவரும் மூட்டையும் சேர்த்து 480 கிலோ, 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிறுத்தத்தில் முதல் வண்டி வெளியேற்றும் ஆற்றல் அறுநூறு மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இரண்டாவது வண்டிக்கு நானூறு மில்லிலிட்டர். இவ்வளவும் மூன்று நொடியில் சில டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், கனமான வண்டியின் பிரேக்தான் முதலில் தளரும். கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்க விடுங்கள்.

நெடுஞ்சாலையில் எடை நமக்காக உழைக்கிறது. எதிரே வரும் லாரி தள்ளும் காற்று 196 கிலோவை ஒரு குலுக்குக் குலுக்கும், 380 கிலோவை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். பள்ளத்தில் சக்கரம் தரும் உதை, அந்தச் சக்கரத்தைவிடப் பல மடங்கு கனமான உடலை அசைக்கத் திணறும். அந்த மிதக்கும் சுகம் இங்கிருந்துதான் வருகிறது. கை மரத்துப்போகாமல் இருப்பதற்கு மட்டும் எடையைப் பாராட்ட வேண்டாம், அந்தப் புகழ் கோல்டு விங்கின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு உரியது. எதிரெதிரே ஓடும் பிஸ்டன்கள் ஒன்றின் அதிர்வை ஒன்று அழித்துவிடுகின்றன. ஹிமாலயனின் ஒற்றைச் சிலிண்டரில் அதிர்வைச் சமாளிக்கத் தனியாக ஒரு சமநிலைத் தண்டு சுழல வேண்டியிருக்கிறது.

பின்னால் ஒருவர், கூடவே பெட்டிகள் என்று 100 கிலோவை ஏற்றுங்கள். கனமான வண்டிக்கு அது தன் எடையில் கால்வாசி, இலகுவானதற்குப் பாதி. பின் ஸ்பிரிங் அமுங்கி, மூக்கு மேலே தூக்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும். இரவில் எதிரே வருபவர்கள் உங்களைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துப் போட்டால் அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் ஹெட்லைட் அவர்கள் கண்ணுக்குள் இருக்கிறது. ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது அதை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை, கூட்டினால் பாதி சரியாகும். கனமான பொருளைப் பின்பெட்டியின் உச்சியில் வைக்காமல் பக்கப் பெட்டிகளில், முடிந்த அளவு முன்னால் தள்ளி வைத்தால் மீதி.

எப்போதும் இருவர், அகலமான சாலை, நாள் முழுக்க ஒரே வேகம் என்றால் கனமான வண்டியைத் தாராளமாக வாங்கலாம். நான் தனியாகப் போகிறவன். வழி தவறி, ஒற்றையடிச் சாலையின் சரிவில் இருட்டியபின் வண்டியைத் திருப்ப வேண்டிய நிலை எனக்கு அடிக்கடி வரும். அதனால் கடையில் புதிய வண்டி பார்க்கப் போனால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வேன். எஞ்சினை அணைத்து, இருக்கையில் உட்கார்ந்தபடி, வாசலில் உள்ள சின்னச் சரிவில் காலாலேயே பின்னோக்கி ஏற்றிப் பார்ப்பேன். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில், என் எடையை விட்டுவிட்டால்கூட, கோல்டு விங் 19 கிலோ விசை கேட்கும். ஹிமாலயன் 10 கேட்கும். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.