டெரட்டோமாவுக்குத் தமிழ் என்ன?

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் அவள். எட்டாவது மாதம். வயிற்றுப் பிள்ளையின் மூளையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கலாம் என்று கண்டியில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ஆங்கிலத்தில் இருந்தது. மற்றதையெல்லாம் தமிழில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

அதன் வேர் கிரேக்கம். 'தெராஸ்' என்றால் உற்பாதம், அதாவது சகுனம். கோர உரு என்ற பொருளும் அதற்கு உண்டு. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவ் இந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டிக்குள் முடியும் பல்லும் குருத்தெலும்பும் கிடந்தால் யாருக்கும் பதறத்தானே செய்யும்? அந்தப் பதற்றம் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. அதற்காக 'அரக்கக் கட்டி' என்று ஒரு தாயிடம் சொல்லவே கூடாது. "கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பா" என்று லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், சும்மாவே பேசுவார்கள்.

சரி, பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். கரு உருவாகும்போது மூன்று படைகள் தோன்றும். புறப்படையிலிருந்து தோலும் நரம்பும், இடைப்படையிலிருந்து எலும்பும் தசையும், அகப்படையிலிருந்து குடலின் உட்பூச்சும் வளர்கின்றன. எந்த இழையமாகவும் (திசுவாகவும்) மாறவல்ல கலங்கள் (செல்கள்) இடம் தவறித் தங்கிப் பெருகினால் இவை எல்லாம் ஒரே கட்டிக்குள் கலந்துவிடும். கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அதனால் நான் 'பல்லிழையக் கட்டி' என்கிறேன், பல இழையங்கள் கலந்த கட்டி என்ற பொருளில். தமிழ்நாட்டில் திசு என்பார்கள்; நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தது இழையம். இழை என்றால் நூல் என்று படிக்காதவருக்கும் தெரியும். பல நூல் கலந்த முடிச்சு என்று சொன்னால் அவளுக்குப் பிடிபடும். அப்படித்தான் சொன்னேன், பிடிபட்டது.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மூளையில் கட்டி வருவதே மிக அரிது. வரும்போது அதிகம் காணப்படுவது இந்த வகைதான். 20ஆம் வாரத்து ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருந்து, கடைசி மூன்று மாதங்களில் மளமளவென்று வளர்ந்துவிடலாம். தலை பெருத்துவிடும், மூளையில் நீர் தேங்கும். பிள்ளையால் சரியாக விழுங்க முடியாமல் போனால் பனிக்குடத்து நீரும் கூடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய கட்டியென்றால் பெரும்பாலும் பிள்ளை தப்புவதில்லை. இதை மறைக்காமல், ஆனால் உட்கார வைத்து, கணவரையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே பேச்சு பெரும்பாலும் எப்போது, எப்படிப் பெறுவது என்பதில்தான் வந்து நிற்கும். அவளும் அதைத்தான் கேட்டாள்: "தலை பெரிசா இருந்தா நான் எப்படிக்கா பெறுவேன்?" தலை இடுப்பெலும்பில் சிக்கினால் தாய்க்கே ஆபத்து, அதனால் சிசேரியன் தேவைப்படலாம், வலி வரும்வரை தோட்டத்தில் காத்திருக்காதே என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே தங்குவதைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லி, கிளினிக் கார்டின் பின்பக்கம் 'பல்லிழையக் கட்டி' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.